டோராவின் முகம் ஏன் மாறியது? நெடுந்தொடர்களில் அனிமேஷன் பாணி மாறும் விதம்

சுட்டி டிவி 2007ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒளிபரப்பைத் தொடங்கியபோது தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த பிள்ளைகள் பலர் இன்று தாய் தந்தையர் ஆகிவிட்டார்கள். டோராவையும் புஜ்ஜியையும் தமிழ்க் குரலில் பார்த்து வளர்ந்த அவர்கள், அதே டோராவைத் தம் பிள்ளைக்குக் காட்ட விரும்பிக் கைப்பேசியில் தேடினால், 2024இல் வெளிவந்த புதிய தொடரின் டோரா வந்து நிற்கிறாள். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பழைய தொடரில் தட்டையான வண்ணமும் தெளிவான கோடுகளுமாக இருந்த முகம், இப்போது கூந்தலின் இழைகள் தெரிய, கன்னத்தில் வெளிச்சமும் நிழலும் விழ, உருண்டு திரண்ட முப்பரிமாண உருவமாகிவிட்டது. "இது டோராவே இல்லை" என்று பெற்றோர் வருந்துவதையும், பிள்ளைகள் அதில் எந்தக் குறையும் காணாமல் ஆர்வத்தோடு பார்ப்பதையும் எங்கள் பகுதியில் அடிக்கடி காண்கிறேன்.

பெரியவர்கள் இந்த மாற்றத்தை, எது அழகு எது அழகில்லை என்ற கேள்வியாகவே பேசுகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தத் தொடர் எந்த முறையில் செய்யப்படுகிறது, அந்த முறையில் எதைச் செய்வது எளிது, எதைச் செய்வது கடினம் என்பதே அது. ஒவ்வொரு அனிமேஷன் முறையும் சில காட்சிகளை மலிவாக்கி, வேறு சில காட்சிகளுக்கு ஆகும் செலவை ஏற்றிவிடுகிறது. குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடர் குறைந்த பணத்திலும் குறைந்த நாட்களிலும் செய்யப்படுவதால், எந்தக் காட்சி மலிவோ அந்தக் காட்சியை வைத்தே கதை எழுதப்படுகிறது. ஆகவே முறை மாறும்போது தோற்றத்தோடு சேர்ந்து கதையும் மாறுகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், பழைய தொடரில் நாம் எதை விரும்பினோம் என்பதும் துல்லியமாகத் தெரிந்துவிடும்.

முதலில் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உருவம் எப்படி வரையப்பட்டிருக்கிறது என்பது வடிவமைப்பு. கண் எவ்வளவு பெரியது, கோடு தடித்ததா மெல்லியதா, தலைக்கும் உடலுக்கும் என்ன அளவு என்பவை அதில் அடங்கும். அந்த உருவத்தை எந்த வழியில் அசைக்கிறார்கள் என்பது செய்முறை. இவ்விரண்டும் சேர்ந்தே மாற வேண்டும் என்பதில்லை. ஜப்பானில் 1979 முதல் ஓடிய டோரேமான் தொடர் 2005 மார்ச்சில் முடிந்து, ஏப்ரலில் புதிய தொடர் தொடங்கியபோது, கோடுகள் மென்மையாகி, வண்ணங்கள் மூலச் சித்திரக்கதைக்கு நெருக்கமாக வந்தன. ஆனால் படங்கள் முன்போலவே கையால்தான் வரையப்பட்டன. அங்கே வடிவமைப்பு மட்டும் மாறியது. அதே ஜப்பானில் 1969 முதல் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் சசாயே-சான் என்ற குடும்பத் தொடர், 2013இல் கண்ணாடித்தாளில் வண்ணம் தீட்டும் பழைய முறையைக் கைவிட்டு முழுக்கக் கணினிக்கு மாறியது. உருவங்களோ அப்படியே இருந்தன. அங்கே மாறியது செய்முறை. டோராவின் விஷயத்தில் இரண்டும் ஒருசேர மாறியதால்தான் அதிர்ச்சி பெரிதாக இருக்கிறது.

செய்முறையைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு தேவைப்படுகிறது. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 நிலைப்படங்கள், அதாவது 24 பிரேம்கள், ஓடுகின்றன. நல்ல கார்ட்டூன் படங்களில்கூட ஒரு வரைபடத்தை இரண்டு பிரேம்களுக்கு நிறுத்துவது வழக்கம் என்பதால், நொடிக்கு 12 வரைபடங்கள் போதும். அந்தக் கணக்கில் 11 நிமிடக் கதைக்கு 7,920 வரைபடங்கள் வேண்டும். ஜப்பானியத் தொடர்களில் பெரும்பாலும் செய்வதுபோல மூன்று பிரேம்களுக்கு ஒரு படம் என்று குறைத்தால் 5,280 ஆகும். வாரந்தோறும் ஒரு கதை வெளிவர வேண்டிய தொலைக்காட்சியில் இவ்வளவு படங்களை ஒவ்வொன்றாக வரைந்து கட்டுப்படியாகாது. கடந்த எழுபது ஆண்டுகளில் தொலைக்காட்சி அனிமேஷன் கண்டுபிடித்த உத்திகளில் பெரும்பாலானவை இந்த எண்ணிக்கையைக் குறைக்கும் வழிகளே.

நம் ஊரிலிருந்தே ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். ஒகேனக்கல்லில் காவிரியின் மேல் ஒரு பரிசல் வருகிறது. ஓட்டி துடுப்பு வலிக்கிறார். உள்ளே ஒரு தாயும் மகனும் உட்கார்ந்திருக்கிறார்கள். படகுக்கு இருப்பதுபோலப் பரிசலுக்கு முன்புறம் பின்புறம் என்று கிடையாது, வட்டமானது. ஓட்டி துடுப்பை ஒரே பக்கமாக இழுத்தால் அது அங்கேயே சுழலும்; சுற்றுலா வருபவர்களுக்காக அவர்கள் அப்படிச் சுழற்றிக் காட்டுவதும் உண்டு. நேராக மிதந்து வந்து, பிறகு ஒருமுறை சுழலும் பரிசலைப் பத்து நொடி காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் இதை எப்படிச் செய்யும் என்று பார்த்தால் பாணி மாற்றத்தின் காரணங்கள் பெரும்பாலும் விளங்கிவிடும்.

கையால் வரையும் முறையில் பத்து நொடிக்கு 120 வரைபடங்கள். மூத்த கலைஞர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். அவற்றுக்கு இடைப்பட்ட படங்களை உதவியாளர்கள் வரைந்து நிரப்புவார்கள். பின்னணியில் பாறையும் அருவியும் ஒரு தாளில் ஓவியமாக இருக்கும். பரிசலும் ஆட்களும் தனித்தனிக் கண்ணாடித்தாள்களில் வரையப்பட்டு, பின்பக்கம் வண்ணம் பூசப்பட்டு, அடுக்காக வைத்துப் படம்பிடிக்கப்படும். அடுக்கு முறையில்தான் சிக்கனத்தின் வேர் இருக்கிறது. பரிசல் நேராக மிதக்கும் வரையில் அதை ஒரேமுறை வரைந்து, தாளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படம்பிடித்தால் போதும். ஓட்டியின் கையும் தாயின் வாயும் மட்டும் தனித்தாளில் மாறிக்கொண்டிருக்கும். அலைகளுக்குச் சில படங்களை வரைந்து அவற்றையே சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தலாம். ஆனால் பரிசல் சுழலத் தொடங்கியதும் இந்தச் சிக்கனம் அத்தனையும் வீணாகிறது. மூன்று பேரின் முகமும் தோளும் முதுகும் ஒவ்வொரு படத்திலும் வேறொரு கோணத்தில் தெரிய வேண்டும். தொலைக்காட்சிக்கு வேலை செய்யும் இயக்குநர் கதையிலிருந்து முதலில் அடித்து நீக்கும் வரி இந்தச் சுழற்சியாகத்தான் இருக்கும்.

இந்தச் சிக்கனத்தை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும். டாம் அண்ட் ஜெர்ரியைத் திரையரங்குகளுக்காக 1940 முதல் உருவாக்கிய இவ்விருவரும், 1957இல் எம்ஜிஎம் நிறுவனத்தின் கார்ட்டூன் பிரிவு மூடப்பட்ட பிறகு தொலைக்காட்சிக்கு வந்தார்கள். 1958இல் அறிமுகமான அவர்களுடைய யோகி கரடி கழுத்தில் காலரும் டையும் அணிந்திருப்பதற்குக் காரணம் அழகு மட்டுமல்ல. காலரின் கோடு தலையையும் உடலையும் பிரித்துவிடுவதால், உடலை ஒரே தாளில் அசையாமல் வைத்துவிட்டுத் தலையை மட்டும் தனித்தாளில் மாற்றி மாற்றிப் பேச வைக்கலாம். அசைவு குறைந்த இடத்தைப் பேச்சு நிரப்பியது. ஓடித் துரத்தி அடித்துக்கொள்ளும் நகைச்சுவை குறைந்து, நின்று வாயாடும் நகைச்சுவை கூடியது. ஒரே கலைஞர்கள், ஒரே நாடு, சில ஆண்டுகளே இடைவெளி. செலவின் அளவு மாறியதும் நகைச்சுவையின் இயல்பே மாறிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

கண்ணாடித்தாள் முறையிலிருந்து கணினி வண்ணத்துக்கு மாறியது அடுத்த பெரிய திருப்பம். தாள்களை அடுக்க அடுக்கக் கீழே இருக்கும் வண்ணம் சற்றே மங்கும். அதை ஈடுகட்டத் தனிச்சாயம் கலக்க வேண்டும். தூசி படியும், சாயம் காய நேரமாகும், வைத்துக் காக்க இடம் வேண்டும். பென்சில் படத்தை ஸ்கேன் செய்து கணினியில் வண்ணமிட்டால் இந்தத் தொல்லைகள் எவையும் இல்லை. 1999இல் தொடங்கிய ஸ்பாஞ்ச்பாப் முதல் பருவத்தைக் கண்ணாடித்தாளில் முடித்துவிட்டு இரண்டாம் பருவத்தில் கணினி வண்ணத்துக்கு வந்தது. ஜப்பானின் பெரும்பாலான தொடர்களும் அதே காலத்தையொட்டி மாறின. இந்த மாற்றத்தைப் பலர் கவனித்திருக்கவே மாட்டார்கள். கவனித்தவர்களுக்கு, பழைய படத்தில் இருந்த இலேசான மணற்பதமும், கோட்டின் நடுக்கமும், அடுக்கு தாள்களின் மெல்லிய நிழலும் போய், எல்லாம் துடைத்து வைத்ததுபோல ஆகிவிட்டதாகத் தோன்றும். அந்தப் பழைய பதத்தின் மீது எனக்கும் பற்று உண்டு. ஆனாலும் இங்கே கதை சொல்லும் முறை பெரிதாக மாறவில்லை. மாறியது வண்ணம் தீட்டும் வேலை மட்டுமே.

மூன்றாவது முறையில்தான் இன்று குழந்தைகள் பார்க்கும் இருபரிமாணத் தொடர்களில் பெரும்பகுதி செய்யப்படுகிறது. உருவத்தை ஒவ்வொரு பிரேமுக்கும் வரைவதற்குப் பதிலாக, தலை, மேற்கை, முழங்கை, விரல், இமை, வாய் என்று துண்டு துண்டாக ஒரேமுறை வரைந்து, மூட்டுகளில் இணைத்துக் கணினிக்குள் ஒரு பொம்மையாக்கி வைத்துவிடுகிறார்கள். இதற்குத் தொழிலில் ரிக் என்று பெயர். நம் பரிசல் ஓட்டிக்கு ஒரு ரிக் செய்துவிட்டால் அவர் நூறு கதைகளில் துடுப்பு வலிக்கலாம். கையைப் புதிதாக வரையத் தேவையில்லை. ஆனால் அவர் எந்தக் கோணத்தில் வரையப்பட்டாரோ அந்தக் கோணத்திலேயே இருக்க வேண்டும். பரிசல் சுழல வேண்டுமானால் முன்புறம், பக்கவாட்டு, பின்புறம், இவற்றுக்கு இடைப்பட்டவை என ஒவ்வொரு கோணத்துக்கும் தனி ரிக் வேண்டும். ஆகவே இந்த முறையில் செய்யப்படும் தொடர்களில் பாத்திரங்கள் முக்கால்வாசி முகம் காட்டி நிற்பதையும், பக்கவாட்டில் நடந்து திரையைக் கடப்பதையும், திரும்ப வேண்டிய இடத்தில் சட்டென ஒரு கோணத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதையும் காணலாம். 2004இல் தொடங்கிய பெப்பா பிக் இதைக் குறையாக மறைக்காமல் பாணியாகவே ஏற்றுக்கொண்டது. அந்தப் பன்றிக்குட்டியின் முகம் பெரும்பாலும் பக்கவாட்டிலேயே இருக்கும், இரண்டு கண்களும் ஒரே பக்கம் தெரியும், குழந்தை தன் கையால் வரைந்த படம் அசைவதுபோல இருக்கும். முறையின் எல்லையையே அழகாக மாற்றிய வடிவமைப்பு என்று அதை மதிக்கிறேன்.

களிமண் உருவங்களையும் பொம்மைகளையும் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுக்கும் ஸ்டாப் மோஷன் முறைக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. உருவம் உண்மையிலேயே மேசைமேல் நிற்பதால் பரிசலைச் சுழற்றுவதற்குக் கூடுதல் செலவே இல்லை. விரலால் சிறிது திருப்பி ஒரு படம், மேலும் சிறிது திருப்பி அடுத்த படம். இங்கே கடினமாவது காவிரி. உண்மையான தண்ணீர் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே சொன்னபடி அசையாமல் நிற்காது. ஆகவே ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள், களிம்பு போன்றவற்றால் நீரைச் செய்து, அதையும் படத்துக்குப் படம் கையால் நகர்த்த வேண்டும். நாள் முழுக்க உழைத்தாலும் சில நொடிப் படமே தேறும்.

பிரிட்டனின் ஃபயர்மேன் சாம் தொடரைப் பார்த்தால் இதன் விளைவு நன்றாகத் தெரியும். தீயணைப்பு வீரரைப் பற்றிய அந்தத் தொடர் 1987இல் பொம்மைகளை நகர்த்தும் முறையில் தொடங்கியது. தீயும் தண்ணீரும் அந்த முறைக்கு மிகக் கடினமானவை. கதையின் மையமோ அவையேதான். அதனால் பழைய கதைகளில் ஊர்க்காரர்களின் பேச்சும், எங்கேயோ மாட்டிக்கொண்ட சிறுவனும், சிறிய விபத்துகளுமே மிகுந்திருந்தன. 2008இல் கணினி வரைகலைக்கு மாறியதும் பெருந்தீயும், கடல் மீட்பும், ஹெலிகாப்டரும் கதைக்குள் வந்துவிட்டன. ஊர் சிறியதாக இருந்தபோது மனிதர்கள் அருகில் இருந்தார்கள். ஆபத்து பெரிதானதும் வண்டிகளும் கருவிகளும் முன்னால் வந்தன. 1999இல் தொடங்கிய பாப் த பில்டர் தொடரும் பின்னாளில் அதே வழியில் மாறியது. 1990இல் தொடங்கிய களிமண் பென்குவின் பிங்கு 2017இல் ஜப்பானில் கணினிக்கு வந்தபோது, களிமண்ணின் தோற்றத்தையே தழுவி உருவாக்கப்பட்டான். மாறாமல் நின்ற தொடர்களும் உண்டு. 2007இல் தொடங்கிய ஷான் த ஷீப் இன்றும் கையால் நகர்த்திப் படமெடுக்கப்படுகிறது. அந்த ஆட்டுக்கூட்டத்தின் கதைகளில் பேச்சே கிடையாது. உடலின் தடுமாற்றமும் கண்ணின் அசைவும்தான் நகைச்சுவை. அந்த முறை எதில் வலிமையானதோ அதையே தன் உயிராகக் கொண்டிருப்பதால் அதற்கு மாற வேண்டிய தேவை எழவில்லை என்பது என் கணிப்பு.

கணினி வரைகலை, அதாவது முப்பரிமாண அனிமேஷன், நம் பரிசலை எத்தனை முறை வேண்டுமானாலும் சுழற்றும். கேமரா பரிசலுக்குள் நுழையலாம், அருவிக்கு மேல் பறக்கலாம். உருவத்தை ஒருமுறை எல்லாப் பக்கமும் செதுக்கி முடித்துவிட்டால் கோணத்துக்கு விலை இல்லை. விலை முழுவதும் தொடக்கத்தில் இருக்கிறது. ஒரு புதிய மனிதர், ஒரு புதிய தெரு, ஒரு புதிய சேலை என ஒவ்வொன்றையும் உருவாக்கி, எலும்பு பொருத்தி, மேற்பரப்புக்கு வண்ணமிட்டு, ஒளியமைத்த பின்னரே அது திரைக்கு வரும். காற்றில் அலையும் முந்தானையும், நனைந்து ஒட்டும் கூந்தலும், தெறிக்கும் நீரும் மிகுந்த கணக்கீட்டைக் கேட்பவை. தொலைக்காட்சிக்கான முப்பரிமாணத் தொடர்களில் தெருக்கள் வெறிச்சோடியிருப்பதற்கும், கூந்தல் ஒரே கட்டியாக இருப்பதற்கும், எல்லோரும் ஆண்டு முழுவதும் ஒரே உடையில் வருவதற்கும் இதுவே காரணம். கையால் வரைபவருக்கோ கூட்டத்தில் ஒரு புது முகம் வேண்டுமென்றால் ஒரு பென்சில் போதும். ஆகவே முப்பரிமாணத்துக்கு மாறிய தொடர்களில் கேமரா சுதந்திரம் பெறுகிறது, ஊர் சுருங்குகிறது.

இவ்வளவையும் ஒரே தொடரில் காண விரும்புவோர் தாமஸ் அண்ட் ஃபிரெண்ட்ஸைப் பார்க்க வேண்டும். ரெவரெண்ட் ஆட்ரி 1945 முதல் எழுதிய ரயில் கதைகளை பிரிட் ஆல்கிராஃப்ட் என்பவர் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார். 1984இல் ஒளிபரப்பு தொடங்கியது. அப்போது ரயில்கள் உண்மையான மாதிரிகள். தண்டவாளத்தில் அவை உண்மையாகவே ஓடின. ஒவ்வோர் இன்ஜினுக்கும் கோபம், சிரிப்பு, வியப்பு எனத் தனித்தனி முகங்கள் செய்யப்பட்டு, காட்சிக்கேற்ப மாற்றிப் பொருத்தப்பட்டன; கண்கள் மட்டும் தொலைவிலிருந்து இயக்கப்பட்டன. வாய் அசையாது. மனித உருவங்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். வாய் அசையாத பாத்திரங்கள் தாமே பேச முடியாது என்பதால், கதை முழுவதையும் ஒரே ஒருவர் சொன்னார். தொடக்க ஆண்டுகளில் அந்தக் குரல் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டாருடையது. ஒரு பெரியவர் அருகில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்காட்டும் நிதானம் அந்தத் தொடருக்கு வாய்த்தது இதனால்தான். ஓர் இன்ஜின் பாலத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நாமும் காத்திருந்தோம். தடம் புரளும் காட்சியில் இரும்பின் எடை தெரிந்தது. எடை உள்ள ஒரு பொருள் அங்கே உண்மையாகவே கவிழ்ந்ததே அதற்குக் காரணம்.

2008இல் மாதிரி ரயில்களின்மேல் கணினியால் செய்த முகங்கள் ஒட்டப்பட்டன. 2010 முதல் தொடர் முழுக்கவே கணினி வரைகலையாயிற்று. வாய் அசைந்தது, ஆகவே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக்குரல் வந்தது, ஆகவே கதைசொல்லியின் பங்கு குறைந்து உரையாடல் பெருகியது. மனிதர்கள் நடந்தார்கள், ஆகவே ரயில்களுக்கும் மனிதர்களுக்கும் இடையிலான கதைகள் கூடின. 2021இல் மூன்றாவது மாற்றமாக, இருபரிமாணத்தில் வரையப்பட்ட புதிய தொடர் வந்தது. அதில் இன்ஜின்கள் துள்ளுகின்றன, வளைகின்றன, தண்டவாளத்தை விட்டு எழும்பிக் குதிக்கின்றன. பழைய ரசிகர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் எதை இழந்தார்கள் என்பதை நான் மதிக்கிறேன். தண்டவாளத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பதுதான் அந்தக் கதைகளின் ஆதார ஒழுங்கு, அதை மீறினால் விபத்து என்பதே பல கதைகளின் கரு. ஆனாலும் புதிய தொடர் மிகச் சிறிய குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டது. மூன்று வயதுக் குழந்தை மகிழ்ச்சியை உடலால் காட்டுகிறது; குதிக்கிறது, சுற்றுகிறது. அந்தக் குழந்தையைப் போல அசையும் இன்ஜின் அதற்கு எளிதில் புரிகிறது. ஆட்ரியின் இன்ஜின்கள் பணியிடத்தில் கடமையாற்றும் பெரியவர்கள்; 2021இன் இன்ஜின்கள் விளையாட்டு மைதானத்துப் பிள்ளைகள். பெயர் ஒன்றாயிருப்பதால் ஒரே தொடர் என்று நினைத்து ஒப்பிடுவதைவிட, வேறு வயதினருக்கான வேறு கதை என்று பார்ப்பதே நேர்மையானது.

செய்முறைக்கு வெளியிலிருந்து வரும் காரணங்களும் உண்டு. டாம் அண்ட் ஜெர்ரி இதற்கு நல்ல பாடம். ஹன்னாவும் பார்பெராவும் விட்டுச் சென்ற பிறகு, 1961-62இல் பிராகா நகரில் ஜீன் டைச் 13 படங்களை எடுத்தார். 1963 முதல் 1967 வரை சக் ஜோன்ஸ் 34 படங்களை எடுத்தார். ஜோன்ஸின் ஜெர்ரிக்குக் காதும் கண்ணும் பெரிது, டாமுக்குப் புருவம் அடர்த்தி. தொலைக்காட்சியில் இவை எல்லாம் கலந்து ஒளிபரப்பானதால், ஒரே மாலையில் மூன்று விதமான டாமைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்; யார் கை வரைந்தது என்பதே அந்த வேறுபாட்டின் காரணம். 1975இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கென்று புதிய தொடர் செய்யப்பட்டபோது, குழந்தைகள் நிகழ்ச்சிகளில் அடிதடியைக் கட்டுப்படுத்தும் கொள்கை காரணமாக இருவரும் நண்பர்களாக்கப்பட்டு, ஜெர்ரியின் கழுத்தில் ஒரு சிவப்பு டையும் கட்டப்பட்டது. பென் டென் 2005இல் பத்து வயதுச் சிறுவனாகத் தொடங்கி, 2008இல் பதினைந்து வயதினனாக வளர்க்கப்பட்டு, 2016இல் மீண்டும் பத்து வயதுக்குத் திரும்பினான். ஒவ்வொரு முறையும் எந்த வயதினரை ஈர்க்க வேண்டுமோ அதற்கேற்ப உடலின் அளவும் கோடும் மாறின. தொலைக்காட்சித் திரை சதுரத்துக்கு நெருக்கமாக இருந்து அகலமானதும் ஒரு காரணம். பழைய பகுதிகளை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டி ஒளிபரப்பும்போது தலையும் காலும் அறுபடுவதை நாம் கண்டிருக்கிறோம்.

வடிவமைப்பை எளிமையாக்குவது எப்போதும் சோம்பல் அல்ல என்பதற்கு போக்கிமான் சான்று. 1997இல் தொடங்கிய அத்தொடர் 2016 இறுதியில் சன் அண்ட் மூன் என்ற புதிய கட்டத்துக்கு வந்தபோது, கதாநாயகன் ஆஷின் முகம் உருண்டையாகவும் கோடுகள் குறைந்தும் இருப்பதைக் கண்டு ரசிகர்கள் கொதித்தார்கள். நிலைப்படமாகப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அசைந்தபோது அதன் பயன் தெரிந்தது. கோடு குறைந்தால் ஒவ்வொரு வரைபடத்துக்கும் ஆகும் நேரம் குறைகிறது. மிஞ்சும் நேரத்தில் கூடுதல் படங்கள் வரையலாம், முகத்தை இழுத்து வளைத்துப் பாவனை காட்டலாம். புதிய பாணியை நிலைப்படத்தைக் கொண்டு தீர்ப்பளிக்கக் கூடாது. பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டிலும் இந்தக் கதை நடந்துகொண்டிருக்கிறது. ஹைதராபாத்தின் கிரீன் கோல்டு நிறுவனம் 2008இல் தொடங்கிய சோட்டா பீம் இருபரிமாணத் தொடர். அதே பீமை நடை பழகும் மழலையாக்கி 2019இல் வந்த மைட்டி லிட்டில் பீம் முப்பரிமாணத்தில் செய்யப்பட்டது. அதில் உரையாடல் இல்லை, சிணுங்கலும் சிரிப்பும்தான். வட்ட முகத்தின் சிறு அசைவுகளைக் காட்டும் வசதி முப்பரிமாணத்தில் இருந்ததால் பேச்சை நீக்க முடிந்தது. பேச்சை நீக்கியதால் எந்த நாட்டிலும் டப்பிங் இல்லாமல் ஓட முடிந்தது. லோட்போட் என்ற இந்தி இதழின் சித்திரக்கதையிலிருந்து 2012இல் தொலைக்காட்சிக்கு வந்த மோட்டு பட்லு தொடக்கத்திலிருந்தே முப்பரிமாணம்.

பேச்சு என்றதும் தமிழ்க் குரலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஏனென்றால் நம் பிள்ளைகள் பார்ப்பவற்றில் பெரும்பகுதி வேறு மொழியில் பேசப்பட்டு, பிறகு தமிழானவை. பழைய டோரா திரையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்காக அசையாமல் காத்திருப்பாள். தொடர் முழுவதும் ஒரு கணினி விளையாட்டைப் போல, திரையில் அம்புக்குறி நகர்வது உட்பட, அமைக்கப்பட்டிருந்ததால் அந்தக் காத்திருப்பு இயல்பாகப் பொருந்தியது. தட்டையான உருவத்தை அசைக்காமல் நிறுத்திவைக்கக் கூடுதல் செலவும் இல்லை. முப்பரிமாண உருவம் அப்படி முற்றிலும் அசையாமல் நின்றால் உயிரற்றதாகத் தெரியும். இமைக்க வேண்டும், மூச்சு விட வேண்டும், தோள் ஏறி இறங்க வேண்டும். டோராவின் அந்த இடைவெளியில் பதில் சொல்லிப் பழகிய தலைமுறைக்குத் தமிழ்க்குரல் இத்தனை ஆழமாகப் பதிந்ததற்கு அந்த அசையாமையும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

வாயசைவிலும் இதே கணக்குதான். கையால் வரையப்படும் ஜப்பானியத் தொடர்களில் பேசும் வாய்க்கு மூடியது, பாதி திறந்தது, முழுதும் திறந்தது என மூன்று நிலைகளே பொதுவாக இருக்கும். அது எந்த மொழியின் ஒலிக்கும் துல்லியமாகப் பொருந்துவதில்லை. ஆகவே எல்லா மொழிக்கும் ஒரே அளவில் ஒத்துப்போகிறது. முப்பரிமாணத் தொடர்களில் பகர மகரங்களுக்கு உதடு ஒட்டுவது, ஓகாரத்துக்குக் குவிவது என்று மூலமொழியின் ஒலிக்கேற்ப வாய் அசைக்கப்படுவதால், தமிழில் வசனம் எழுதுபவர் உதடு ஒட்டும் இடத்தில் உதடு ஒட்டும் சொல்லைத் தேட வேண்டியிருக்கிறது. கிடைக்காதபோது வாய் ஒன்று சொல்ல, குரல் ஒன்று சொல்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் ஏராளம். அவர்கள் இதை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். டிடிஎச் இணைப்பில் குழந்தைகள் சேனல்கள் பலவற்றுக்குத் தமிழ், தெலுங்கு ஒலித்தடங்கள் இருக்கின்றன. முதலில் டோரேமானை வைத்து, ரிமோட்டில் மொழியை மாற்றி மாற்றிப் போட்டு உதட்டை மட்டும் கவனித்தால், எந்த மொழியும் அந்நியமாகத் தோன்றாது. பிறகு அதேபோல ஒரு முப்பரிமாணத் தொடரை வைத்துப் பார்த்தால், எந்த மொழிக்காக அந்த வாய் செய்யப்பட்டது, எந்த மொழி பின்னால் வந்து ஒட்டியது என்பதை ஏழெட்டு வயதுப் பிள்ளையே கண்டுபிடித்துச் சொல்லிவிடும்.